கீறல் எங்கே போகிறது?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறிய கேள்வியோடு தொடங்குவோம். காரின் சாயத்தில் விழுந்த கீறலைப் பட்டறையில் மெருகேற்றி அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கீறல் எங்கே போனது?

இதே கேள்வியை என் வகுப்பில் கேட்டேன். "ஏதாவது பசை போட்டுப் பள்ளத்தை அடைத்துவிடுவார்கள், சார்" என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். சென்ற ஆண்டுவரை என் அக்காள் மகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். அவன் படிவம் இரண்டு மாணவன். அவனுக்குச் சரியான விடை தெரியவந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் எளிதில் விளங்கும்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. அவனுடைய சித்தப்பாவிடம் கறுப்பு நிற டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் பணம் சேர்த்து, பழைய காராக வாங்கியது. மரத்தடியில் நின்றதால் அதன் பானட்டில் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. சித்தப்பா தூங்கி எழுவதற்குள் காரைக் கழுவி வைத்து அவரை மகிழ்விக்கலாம் என்று பையன் நினைத்தான். துணியால் துடைத்தான், எச்சம் போகவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் பஞ்சை எடுத்து வந்தான். ஒரு பக்கம் மஞ்சள் பஞ்சு, மறுபக்கம் பச்சை நாரும் கொண்ட அதே பொருள்தான். பச்சைப் பக்கத்தால் நன்றாகத் தேய்த்தான். எச்சம் போனது. அந்தத் திருப்தியில் பானட் முழுவதையும், பிறகு ஒரு பக்கக் கதவையும் அப்படியே தேய்த்து முடித்தான்.

தண்ணீர் ஊற்றியபோது கார் கண்ணாடிபோல் பளபளத்தது. வெயிலில் காய்ந்த பிறகுதான் விபரீதம் தெரிந்தது. பானட் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள்.

அழுதுகொண்டே என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, கழுவும்போது நல்லாத்தான் இருந்துச்சு. காஞ்ச பிறகுதான் இப்படி ஆயிடுச்சு" என்றான்.

அவன் பதற்றத்தில் சொன்ன அந்த ஒரு வரியிலேயே நல்ல இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்குவோம்.

ஈரத்தில் மறைந்த கோடுகள்

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குள் நுழையும்போது அதன் ஒரு பகுதி திரும்பிப் பிரதிபலிக்கிறது. எவ்வளவு பிரதிபலிக்கும் என்பது அந்த இரண்டு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றின் ஒளிவிலகல் எண் 1.0. காரின் மேற்பூச்சுக்கு ஏறத்தாழ 1.5. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு திரும்பி வரும்.

மேற்பரப்பு சமமாக இருந்தால் அந்த 4 விழுக்காடும் ஒரே ஒழுங்கில் திரும்பும். அதனால்தான் பளபளப்பான காரில் உங்கள் முகம் தெரிகிறது. கீறல் விழுந்தால் அதன் சுவர்கள் பல கோணங்களில் சாய்ந்திருக்கும். ஒளி கண்ட திசைகளில் சிதறும். கண்ணுக்கு அது வெள்ளைக் கோடாகத் தெரியும்.

இப்போது கீறலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வையுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இது 1.5க்கு நெருக்கமான எண். தண்ணீரும் மேற்பூச்சும் சந்திக்கும் கீறல் சுவரில் நேராக விழும் ஒளியில் அரை விழுக்காடுகூடப் பிரதிபலிப்பதில்லை. தண்ணீரின் மேற்பரப்போ சமமாக இருக்கிறது. ஆகவே, கீறல் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். காய்ந்ததும் மீண்டும் தலைகாட்டும்.

இது பட்டறைக்காரர்களுக்குப் பயன்படும் ஒரு சோதனையும்கூட. ஒரு கீறலின்மேல் தண்ணீர் தெளித்ததும் அது மறைந்தால், பெரும்பாலும் அது மேற்பூச்சில் மட்டும் விழுந்த கீறல். தண்ணீர் பட்ட பிறகும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், அது சாய அடுக்கையும் தாண்டி இறங்கியிருக்கக்கூடும்.

கறுப்புக் காரில் கீறல்கள் அதிகமாகத் தெரிவதற்கும் இதே விளக்கம்தான். வெள்ளைக் காரில் சாயமே எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறடிக்கிறது. கீறல் சிதறடிக்கும் ஒளி அதற்குள் கரைந்துவிடும். கறுப்புச் சாயமோ உள்ளே நுழைந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. கறுப்புப் பின்னணியில் சிறு கோடுகூடத் தனித்துத் தெரிகிறது.

ஒரு தாளின் தடிமனில் நான்கு அடுக்கு

காரின் சாயம் எவ்வளவு தடிமன் இருக்கும்? உங்கள் பள்ளி அலுவலகத்தில் 500 ஏ4 தாள்கள் கொண்ட ஒரு கட்டைப் பாருங்கள். அதன் உயரம் சுமார் 5 சென்டிமீட்டர். 500ஆல் வகுத்தால் ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதாவது 100 மைக்ரோமீட்டர். தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களின் மொத்தச் சாயமும் ஏறத்தாழ இந்த அளவுதான். 100 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை.

அதற்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. முதல் அடுக்கு துருவைத் தடுப்பது. காரின் உலோக உடலை அப்படியே பெரிய தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் உதவியால் படியவைக்கிறார்கள். இது சுமார் 20 மைக்ரோமீட்டர். அதன்மேல் மேடு பள்ளங்களைச் சமப்படுத்தும் பிரைமர், ஏறத்தாழ 30. அதற்கு மேல்தான் நாம் காணும் நிறம். அது வெறும் 15 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு, சுமார் 40. காருக்குக் கார் இந்த எண்கள் சற்றே மாறும்.

மனித முடியின் தடிமன் சராசரியாக 70 மைக்ரோமீட்டர். ஆகவே, காரின் பளபளப்பு முழுவதும் தங்கியிருக்கும் மேற்பூச்சு ஒரு முடியைவிட மெல்லியது.

இந்த மேற்பூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் இரசாயனங்கள் அதில் கலக்கப்பட்டிருக்கின்றன. அது கீழேயுள்ள நிறத்துக்குக் குடை பிடிக்கிறது. நம் நாட்டு வெயிலில் நாள் முழுதும் நிற்கும் காருக்கு இந்தக் குடை எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் குடையை மறந்துவிடாதீர்கள். கதையின் முக்கியமான முடிவு இதைப் பொறுத்துத்தான் அமைந்தது.

தேய்ப்பதற்கு முன் சுத்தம்

தீபாவளி முடிந்த வாரம், சித்தப்பாவும் பையனும் நானும் காரைச் சீரமைக்கும் பட்டறைக்குப் போனோம். பையன் தனக்குக் கிடைத்த தீபாவளி அங்பாவ் பணத்தையெல்லாம் ஓர் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தான். சித்தப்பா வழியெல்லாம் அதிகம் பேசவில்லை.

பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில் மெருகேற்றும் இயந்திரத்தைத் தொடவில்லை. முதல் இரண்டு மணி நேரம் சுத்தம் செய்வதிலேயே போனது. ஏன் தெரியுமா? நம் காற்றிலுள்ள தூசியில் நுண்ணிய மணலும் கலந்திருக்கிறது. மணலின் முக்கியப் பொருள் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலை ஜெர்மன் நாட்டு அறிஞர் ஃபிரீட்ரிக் மோஸ் 1812ஆம் ஆண்டு உருவாக்கினார். அதில் குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் நிற்கிறது. அது இரும்பு ஆணியையே கீறும். நெகிழி வகையைச் சேர்ந்த மேற்பூச்சு அதற்கு எம்மாத்திரம்? மணல் இருக்கும்போது தேய்த்தால், தேய்ப்பவர் கையாலேயே புதுக் கீறல்கள் விழும்.

நடுமைத் தன்மை கொண்ட சவர்க்கார நுரையால் கழுவிய பிறகு, அவர் ஒரு திரவத்தைத் தெளித்தார். சில நிமிடங்களில் காரின் பக்கங்களிலும் சக்கரங்களிலும் ஊதா நிறத் துளிகள் வழியத் தொடங்கின. பையன் பயந்துவிட்டான். ஆனால், அது சாயம் கரைவதன் அடையாளம் அன்று. பிரேக் பிடிக்கும்போது உதிரும் இரும்புத் துகள்கள் பறந்து வந்து சாயத்தில் பதிந்துவிடுகின்றன. அந்தத் திரவத்திலுள்ள தயோகிளைக்கோலேட் என்னும் சேர்மம் இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறச் சேர்மமாக மாறுகிறது. தண்ணீரில் கழுவினால் போய்விடும். சிகை அலங்காரக் கடையில் முடியைச் சுருட்டப் பயன்படுத்தும் மருந்திலும் இதே குடும்பத்துச் சேர்மம்தான் இருக்கிறது. கந்தக வாடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அதன் பிறகும் கையால் தடவினால் சொரசொரப்பாக இருந்த இடங்களில், களிமண்போல் பிசையக்கூடிய ஒரு கட்டியை வழுக்கும் திரவத்தோடு சேர்த்து மெதுவாக உருட்டினார். ஒட்டிக்கொண்டிருந்த மரப்பிசினும் தூசியும் அந்தக் கட்டியோடு வந்துவிட்டன.

எச்சம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு தழும்பு மிஞ்சியது. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் யூரிக் காடி இருக்கிறது. நண்பகல் வெயிலில் கறுப்பு பானட்டின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸையும் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் மேற்பூச்சு சற்றே இளகி, காயும் எச்சத்தின் வடிவத்தைத் தன்மேல் பதித்துக்கொள்கிறது. "தம்பி, எச்சத்தைப் பார்த்தா சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதுமேல அஞ்சு நிமிஷம் போட்டு வச்சா தானா ஊறி வந்துடும்" என்றார் பட்டறைக்காரர். பையன் தலையை ஆட்டினான். அந்த ஐந்து நிமிடம் தெரிந்திருந்தால் நாங்கள் அங்கே நின்றிருக்க மாட்டோம்.

சாயத்தின் தடிமனை அளப்பது எப்படி?

அடுத்து அவர் எடுத்தது கைப்பேசியைவிடச் சிறிய ஓர் அளவுமானி. சாயத்தின்மேல் வைத்தால் அது தடிமனை மைக்ரோமீட்டரில் காட்டுகிறது. சாயத்தைத் துளைக்காமல் எப்படி அளக்கிறது?

கதவு எஃகினால் ஆனது. எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். அளவுமானியின் முனையில் ஒரு மின்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. எஃகு அருகில் இருந்தால் அந்தப் புலம் வலுக்கும். சாயத்தின் தடிமன் கூடக்கூட எஃகு தள்ளிப்போவதால் புலம் வலுக்குறையும். இந்த மாற்றத்தை வைத்துத் தடிமன் கணக்கிடப்படுகிறது.

இந்தக் காரின் பானட்டோ எடையைக் குறைப்பதற்காக அலுமினியத்தில் செய்யப்பட்டது. காந்தம் அதில் ஒட்டாது. ஆகவே, அளவுமானி வேறு வழியைப் பயன்படுத்துகிறது. வேகமாக மாறும் காந்தப்புலத்தை அனுப்பி, அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டங்கள் திருப்பி அனுப்பும் எதிர்ப்புலத்தின் வலிமை, உலோகம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் காட்டிக்கொடுக்கும். நெகிழியாலான பம்பரில் இந்த இரண்டு வழிகளும் பலிக்காது; அங்கே உலோகமே இல்லை அல்லவா?

பட்டறைக்காரர் அளந்த எண்களைச் சிறு ஒட்டுநாடாக்களில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டினார். பானட்டின் நடுவில் 118. கதவில் 112. பின்சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் 240. அந்தப் பகுதிக்கு முன்பு யாரோ மறுபடியும் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று அந்த எண் சொல்லியது. பழைய காராக வாங்கிய சித்தப்பாவுக்கே அது தெரியாது. பானட்டின் இடது மூலையில் 84. அவர் புருவத்தைச் சுருக்கினார்.

அளவுமானி நான்கு அடுக்குகளின் மொத்தத் தடிமனைத்தான் காட்டும். அதில் மேற்பூச்சு எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. ஒரே பானட்டில் மற்ற இடங்கள் 118ஐ ஒட்டியிருக்க, ஒரு மூலை மட்டும் 84 என்றால், காணாமல் போன பகுதி பெரும்பாலும் மேற்பூச்சாகத்தான் இருக்கும். முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ அந்த மூலையை அளவுக்கு மீறி மெருகேற்றியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

நோயும் மருந்தும் ஒன்றே

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஏன் இவ்வளவு சேதம் செய்தது? அதன் நைலான் இழைகளைக் குறை சொல்ல முடியாது. பலவகைப் பச்சை நார்களில் அந்த இழைகளின்மேல் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அடிப்பிடித்த சட்டியைச் சுத்தம் செய்வது அந்தத் துகள்கள்தாம்.

அலுமினியம் ஆக்சைடு இயற்கையில் படிகமாகக் கிடைக்கும்போது அதற்குக் குருந்தம் என்று பெயர். மோஸ் அளவுகோலில் அதற்கு 9ஆம் இடம். அதற்கு மேல் வைரம் மட்டுமே. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கிலத்தில் இதைக் கொரண்டம் என்கிறார்கள். அந்தச் சொல் நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே குறிப்பிடுகின்றன.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். பட்டறைக்காரர் மெருகேற்ற எடுத்த பசையின் புட்டியைப் பையன் திருப்பிப் பார்த்தான். அதிலும் அலுமினியம் ஆக்சைடு என்றே எழுதியிருந்தது. "மாமா, இதுதானே காரைக் கெடுத்துச்சு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

பொருள் ஒன்றுதான், அளவும் பயன்படுத்தும் முறையும் வேறு. நாரிலுள்ள துகள்கள் பெரியவை, ஒழுங்கற்றவை, இழையோடு அசையாமல் ஒட்டியிருப்பவை. ஒவ்வொன்றும் உளியைப்போல் ஆழமான கோடு போடும். பசையிலுள்ள துகள்கள் மிக நுண்ணியவை, ஏறக்குறைய ஒரே அளவானவை. அவையும் கீறத்தான் செய்கின்றன. ஆனால், அந்தக் கீறல்கள் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவு சிறியவை. அடுத்தடுத்து இன்னும் நுண்ணிய பசையைப் பயன்படுத்தும்போது அவையும் குறைந்துகொண்டே போகின்றன.

இயந்திரத்தின் அசைவும் முக்கியம். அவர் பயன்படுத்திய இயந்திரத்தில் பஞ்சு வட்டு தன்னைத் தானே சுற்றிக்கொண்டே சிறு வட்டப் பாதையிலும் அசைகிறது. பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதைப்போல. இதனால் ஒரு துகள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதில்லை. உராய்வினால் உண்டாகும் வெப்பமும் ஓரிடத்தில் குவிவதில்லை.

முதலில் ஒரு சாண் அளவுள்ள இடத்தில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான பசையால் சோதித்தார். போதவில்லை. அதைவிடச் சற்று வலுவான பசையை எடுத்தார். "வலுவான மருந்தை முதல்ல கொடுக்கக் கூடாது" என்றார். பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிட்டு, விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தார். ஏன் துடைக்க வேண்டும்? பசையிலுள்ள எண்ணெய் கீறலுக்குள் புகுந்து, தண்ணீர் செய்த அதே வேலையைச் செய்துவிடும். மறைந்த கீறலைப் போன கீறல் என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது அல்லவா?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். ஒரு வயலில் அரை அடி ஆழமுள்ள குழி இருக்கிறது. அதை நிரப்ப மண் இல்லை. வயல் முழுவதையும் அரை அடி வெட்டித் தாழ்த்திவிட்டால் குழி இருக்காது. மெருகேற்றுவது இதைத்தான் செய்கிறது. கீறலைச் சுற்றியுள்ள மேற்பூச்சு, கீறலின் அடிமட்டம் வரை தேய்க்கப்படுகிறது. வேலை முடிந்து பானட்டின் நடுவில் அளந்தபோது 118 இருந்த இடத்தில் 115 இருந்தது. 3 மைக்ரோமீட்டர் குறைந்திருந்தது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 3 மைக்ரோமீட்டர் தேய்த்தால் எவ்வளவு மேற்பூச்சு போயிருக்கும்? ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர சென்டிமீட்டர். 3 மைக்ரோமீட்டர் என்பது 0.0003 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 3 கன சென்டிமீட்டர். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. அந்தத் தூள் பஞ்சு வட்டிலும் துடைத்த துணியிலும் போய்விட்டது. அதை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. 40 மைக்ரோமீட்டர் சேமிப்பிலிருந்து 3ஐச் செலவு செய்திருக்கிறோம். இந்தக் கணக்கில் மறுபடி வரவு வைக்க வழியே இல்லை.

அழிக்காமல் விட்ட இரண்டு கீறல்கள்

மாலைக்குள் பானட்டும் கதவும் புதிதுபோல் ஆகிவிட்டன. பையனின் முகத்தில் பல நாள்களுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். ஆனால், இடது மூலையில் இரண்டு கீறல்கள் அப்படியே இருந்தன. நாருக்கு அடியில் மணல் துகள் ஏதாவது மாட்டியிருக்கலாம், அவ்வளவு ஆழம். நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டுப்பட்டது. நகம் மாட்டிக்கொள்ளும் கீறலை மெருகேற்றி முழுமையாக எடுப்பது ஆபத்து என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் அனுபவ விதி.

"இதையும் எடுத்துடுங்க அண்ணே" என்றான் பையன். உறையை நீட்டினான்.

"எடுக்கலாம் தம்பி. இன்னைக்குப் பார்க்க அழகா இருக்கும்" என்றவர், அவனைப் பட்டறைக்கு வெளியே அழைத்துப் போனார். அங்கே ஒரு பழைய கார் நின்றது. அதன் கூரையில் மேற்பூச்சு வெள்ளை வெள்ளையாக உரிந்து, தோல் உரிந்த முதுகைப்போல் இருந்தது. உங்கள் குடியிருப்பிலும் இப்படிப்பட்ட கார்களைப் பார்த்திருப்பீர்கள்.

நான் குடை என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. மேற்பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு புற ஊதாக் கதிர்களை அது உறிஞ்சும். மெலிந்துவிட்டால் அதிகமான கதிர்கள் ஊடுருவி, நிற அடுக்கும் மேற்பூச்சும் ஒட்டியிருக்கும் இடத்தைப் பலவீனப்படுத்தும். பிறகு மேற்பூச்சு உரியும். உரிந்ததை எந்த மெருகாலும் சரிசெய்ய முடியாது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சாயம் அடிக்க வேண்டியதுதான். அந்த மூலையில் ஏற்கெனவே மேற்பூச்சு குறைவு. இரண்டு கீறல்களுக்காக இன்னும் பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர் எடுத்தால், மிஞ்சுவது மிகச் சொற்பம்.

அது விளிம்புக்கு அருகில் இருந்ததும் ஒரு காரணம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று படித்திருப்பீர்கள். சமமான இடத்தில் வட்டு முழுவதும் படிகிறது. விளிம்பில் அதே விசை ஒரு மெல்லிய கோட்டின்மேல் இறங்குகிறது. பரப்பளவு குறைந்தால் அழுத்தம் கூடும், தேய்மானமும் கூடும். அதனால்தான் கவனமாக வேலை செய்பவர்கள் விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடிவிட்டுத் தொடங்குகிறார்கள்.

அவர் வேறொரு வழி சொன்னார். கீறலின் கூரிய ஓரங்களை மட்டும் இலேசாக மழுக்கிவிடலாம். ஓரம் மழுங்கினால் ஒளி அவ்வளவு கூர்மையாகச் சிதறாது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அருகில் வந்தால் தெரியும்.

பையன் சித்தப்பாவைப் பார்த்தான். அவர் குனிந்து அந்த மூலையை விரலால் தடவினார். "இருக்கட்டும்டா. எனக்கு இந்தக் கார் இன்னும் பத்து வருஷம் வேணும்" என்றார். பிறகு உறையை வாங்கி, அதிலிருந்து ஐம்பது வெள்ளியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். முழுப் பணத்தையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பையனின் மனத்தில் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பூச்சு காக்கும், ஆனால்...

கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு. பழைய முறையில் இதற்கு மெழுகைப் பயன்படுத்துவார்கள். பிரேசில் நாட்டில் வளரும் கார்னோபா என்னும் பனை வகையின் இலையிலிருந்து கிடைக்கும் மெழுகு இதற்குப் பெயர்போனது. இப்போது சிலிக்கா அடிப்படையிலான செராமிக் பூச்சும் பரவலாகிவிட்டது. இரண்டிலும் தண்ணீர் முத்து முத்தாக உருளும். தண்ணீர்த் துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம் 90 பாகையைத் தாண்டினால் அந்தப் பரப்பு நீரை ஒதுக்குகிறது என்கிறோம். தாமரை இலையில் அந்தக் கோணம் 150 பாகையையும் தாண்டும்.

விளம்பரங்களில் செராமிக் பூச்சு "9எச்" கடினம் என்று எழுதியிருப்பார்கள். அதை மோஸ் அளவுகோலின் 9 என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் வேறொரு சோதனையின் அளவு. 9எச் பென்சில் கீறாத பரப்பை மணல் துகள் தாராளமாகக் கீறும். அந்தப் பூச்சு அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும். முறையற்ற தேய்ப்பிலிருந்து காரைக் காப்பாற்றாது.

ஆகவே, கழுவும் முறைதான் முதல் பாதுகாப்பு. இரண்டு வாளிகள் வையுங்கள்: ஒன்றில் கார் சவர்க்காரம் கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். முதலில் குழாய் நீரைப் பீய்ச்சித் தூசியை அகற்றுங்கள். மென்மையான நுண்ணிழைத் துணியைச் சவர்க்கார நீரில் நனைத்து, மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் சவர்க்கார நீரில் இடுங்கள். மணல் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கிவிடும். வெயிலில் கழுவ வேண்டாம். நீர் சட்டென்று காய்ந்து, அதிலுள்ள கால்சியம் உப்புகள் வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். துணி தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அது காருக்கு வேண்டாம்.

செய்து பாருங்கள்

இந்தச் சோதனைக்குக் கார் தேவையில்லை. வீட்டிலுள்ள பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, இருட்டறையில் கைப்பேசி விளக்கை அதன்மேல் காட்டுங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். விளக்கை நகர்த்துங்கள், வட்டங்களும் கூடவே நகரும்!

தட்டில் உண்மையிலேயே வட்டக் கீறல்கள் இருந்தால் அவை எப்படி நகரும்? கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகத்தான் கிடக்கின்றன. அவற்றுள் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைவதுபோல் அமைந்த சிறு கோடுகள் மட்டுமே ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கு நகர்ந்தால் வேறு கீறல்கள் அந்த வேலைக்கு வருகின்றன. பையன் அன்று பானட்டில் சூரியனைச் சுற்றிப் பார்த்ததும் இதைத்தான்.

பிறகு தட்டின்மேல் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். கோடுகள் மேற்பூச்சில் மறைந்ததுபோல் இங்கே முழுவதும் மறைகின்றனவா? இல்லையென்றால், உலோகத்துக்கும் நிறமற்ற மேற்பூச்சுக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கலந்துரையாடுங்கள்.

என் அக்காள் மகன் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சித்தப்பாவின் காரைக் கழுவுகிறான், இரண்டு வாளிகளோடு. இடது மூலைக்கு வரும்போது மட்டும் அவன் கை சற்று மெதுவாகப் போகும்.